படகோட்டிக் கட்சியும் நவராத்திரிக் கட்சியும்

உங்கள் வீட்டில் எந்தக் கட்சி?

பயப்படாதீர்கள், அரசியலைக் கேட்கவில்லை. அதைக் கேட்டால் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற தொடர்கதைக்குக் கூட ஆபத்து வந்துவிடும். நான் கேட்பது பாட்டுக் கட்சி.

நம்மவர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒருவர் நன்றாகப் பாடினார், நன்றாக நடித்தார் என்றால் அத்தோடு சந்தோஷப்பட்டுவிட்டுப் போகமாட்டோம். அவருக்கு எதிரே இன்னொருவரைக் கொண்டு வந்து நிறுத்தினால்தான் நமக்குத் திருப்தி. தாத்தா காலத்தில் பாகவதரா, சின்னப்பாவா? அப்பா காலத்தில் எம்.ஜி.ஆரா, சிவாஜியா? இப்போது பிள்ளைகள் இளையராஜாவா, ரஹ்மானா என்று பேசிப் பேசிக் காப்பியை ஆற விடுகிறார்கள். நம்மை மட்டும் குறை சொல்வானேன்? 'பீட்டில்ஸ்' கோஷ்டி உசத்தியா, 'ரோலிங் ஸ்டோன்ஸ்' கோஷ்டி உசத்தியா என்று 1960-களில் இங்கிலாந்தில் ஆரம்பித்த சண்டை, பீட்டில்ஸ் கோஷ்டி 1970-ல் கலைந்த பிறகும் ஓயவில்லை. ஆட்டம் முடிந்து கொட்டகை பிரித்தாயிற்று. வெளியே நின்று சண்டை போடுகிறவர்கள் மட்டும் வீட்டுக்குப் போக மறுக்கிறார்கள்!

"அது கோஷ்டிக்கும் கோஷ்டிக்கும் சண்டை. நம் சினிமாவில் கோஷ்டி ஏது?" என்பீர்கள். இருந்தது, ஸார். கோஷ்டிக்கு இரண்டே இரண்டு பேர். விசுவநாதன்–ராமமூர்த்தி ஒரு ஜோடி. கே.வி.மகாதேவன்–புகழேந்தி இன்னொரு ஜோடி. இந்த இரண்டில் எது உசத்தி என்ற வழக்கு இன்றைக்கும் தள்ளுபடி ஆகாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு கோர்ட்டுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

எண்ணூர் தெரியுமல்லவா? வட சென்னையில் திருவொற்றியூரைத் தாண்டிக் கடலோரமாகவே போனால், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் வரும். அங்கே இருப்பது முகத்துவாரக்குப்பம். பெயரே விலாசம் சொல்லிவிடும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆற்று வாய், எதிர்க்கரையில் மின்சார நிலையத்துப் புகைபோக்கிகள். படகு கரையில் நிற்கிற நேரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து வலையைச் செப்பனிடுகிறார்கள். கை வலையில் இருக்கும்; வாய் சும்மா இருக்குமா?

எழுபதைத் தாண்டிய இரண்டு பேர்தான் இந்த வழக்கில் வாதியும் பிரதிவாதியும். இருவரும் மைத்துனர்கள். ஒருவருடைய தங்கையை மற்றவர் கட்டியிருக்கிறார். ஆகவே ஒருவரையொருவர் கூப்பிடுவது "மச்சான்" என்றுதான். ஆனால் அந்த மச்சானில் எவ்வளவு காரம் இருக்கிறது என்பதை வைத்து வாதம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இவர்கள் கட்சி பிரிந்த நாளைச் சொல்கிறேன். 1964 தீபாவளி, நவம்பர் 3-ம் தேதி. அன்று ஒரே நாளில் இரண்டு படங்கள் வெளியாயின. ஒன்று எம்.ஜி.ஆரின் 'படகோட்டி'. இசை விசுவநாதன்–ராமமூர்த்தி. இன்னொன்று சிவாஜிக்கு நூறாவது படமான 'நவராத்திரி'. இசை மகாதேவன். இருவருக்கும் அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. ஒருவர் அப்பாவோடு 'படகோட்டி'க்குப் போனார். மற்றவர் மாமாவோடு 'நவராத்திரி'க்குப் போனார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருவரும் இன்னும் அந்தந்தக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

மீனவர் குப்பத்தில் 'படகோட்டி'க்கு எதிராக ஒருவர் கட்சி கட்டுவதென்றால் அதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்தப் படம் மீனவர் கதை. இரண்டு மீனவக் கூட்டத்துக்குள் பகை. அந்தப் பகையை ஊதிவிட்டுக் குளிர் காய்கிற பணக்காரர். பாட்டு முழுவதும் வாலி. கடலுக்குப் போனவன் திரும்பி வருவானா என்று கரையில் காத்திருப்பவர்களின் வயிற்றுக் கலக்கத்தைப் பாட்டாக்கி, அதை எம்.ஜி.ஆர். வாயால் பாட வைத்த படம். "எங்க பொழப்ப எங்களுக்கே பாடிக் காட்டுனாங்க, மச்சான். உன் மகாதேவன் கடல் பக்கம் வந்தாரா?" என்பது படகோட்டிக் கட்சியின் முதல் பாணம். பலமான பாணம்தான்.

நவராத்திரிக் கட்சி அசரவில்லை. "கடலுக்குப் போவசொல்ல நீ பாடு. கோயில் திருவிழாக்கு கொயா கட்டசொல்ல யாரு பாட்டு போடறே? அத்தச் சொல்லு!"

இதற்குப் படகோட்டிக் கட்சி சற்றுத் திணறத்தான் வேண்டியிருக்கிறது. திருவிழா என்றால் மைக் செட்டுக்காரர் முதலில் தேடுவது 'திருவிளையாடல்', 'சரஸ்வதி சபதம்', 'கந்தன் கருணை' பாட்டுகளைத்தான். மூன்றும் ஏ.பி.நாகராஜன் எடுத்த படங்கள். மூன்றுக்கும் இசை மகாதேவன். "சரி, 'கர்ணன்'?" என்று படகோட்டிக் கட்சி பதில் கொடுக்கும். 1964 பொங்கலுக்கு வந்த அந்தப் புராணப் படத்துக்கு விசுவநாதன்–ராமமூர்த்தி போட்ட இசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அன்றைக்கு வலை வேலை நடந்தாற்போலத்தான்!

இப்படிப் பாட்டுப் பாட்டாக எண்ணிக்கொண்டு போவதுதானே ரசிகர் சண்டை, இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? அதிசயம் இந்தக் கோர்ட்டின் சட்டதிட்டத்தில் இருக்கிறது. இங்கே சட்டம் மூன்று.

முதலாவது: பெயரை முழுசாகச் சொல்ல வேண்டும். 'விசுவநாதன் பாட்டு' என்று வாய் தவறிச் சொன்னால் ஒரு டீ அபராதம். 'விசுவநாதன்–ராமமூர்த்தி' என்றுதான் சொல்ல வேண்டும். அதே மாதிரி எதிர்க்கட்சி 'மகாதேவன்' என்றதோடு நிறுத்தினால் போதாது. புகழேந்தியையும் சேர்க்க வேண்டும். இதை யார் எப்போது கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார். வாதத்தில் எதிரியை மடக்குவதற்காகக் கொண்டுவந்த விதி என்பது மட்டும் நிச்சயம்.

உங்களிடம் ஒரு கேள்வி. ராமமூர்த்தி யார் என்று உங்கள் வீட்டு இளவட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். எம்.எஸ்.விசுவநாதனை அவர்களுக்குத் தெரியும். டெலிவிஷனில் பார்த்திருப்பார்கள். டி.கே.ராமமூர்த்தியை? திருச்சியில் பிடில் பரம்பரையில் வந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன். விசுவநாதனைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் சி.ஆர்.சுப்பராமனிடம் வேலை செய்தவர்கள். ஒருவர் கையில் ஆர்மோனியம், ஒருவர் கையில் பிடில். சுப்பராமன் 1952-ல் இளம் வயதிலேயே இறந்து போனார். அவர் பாதியில் விட்டுப்போன படங்களை இந்த இருவரும்தான் முடித்துக் கொடுத்தார்கள். என்.எஸ்.கிருஷ்ணன் தாம் டைரக்ட் செய்த 'பணம்' படத்துக்கு அதே ஆண்டில் இருவரையும் ஜோடியாகவே போட்டார். இளையவர் பெயர் முன்னே, மூத்தவர் பெயர் பின்னே என்று வரிசை அமைந்தது. பின்னால் நிற்கிற பெயர் காலப்போக்கில் தேய்ந்துவிடும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

புகழேந்தி கதை இன்னும் கேடு. அவர் பெயர் படத்தின் தலைப்பில் 'உதவி' என்ற சொல்லோடுதான் வரும். கேரளத்துக்காரர். வேலப்பன் நாயர் என்பது இயற்பெயர். மகாதேவனோடு கடைசி வரையில் இருந்தவர். 1980-ல் வந்த 'சங்கராபரண'த்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அந்தக் கனமான ராகப் பாட்டுகளைப் பாடினாரே, அவருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துத் தயார் செய்தவர் இந்தப் புகழேந்திதான். அந்தப் படத்துக்காக மகாதேவனுக்கும் தேசிய விருது கிடைத்தது, பாலசுப்பிரமணியத்துக்கும் கிடைத்தது, வாணி ஜெயராமுக்கும் கிடைத்தது. உதவிக்கு விருது கிடையாது.

முகத்துவாரக்குப்பத்தில் மட்டும் புகழேந்தி பெயரை விட்டால் ஒரு டீ தண்டம்! பல சபாக்களில் காணாத நியாயத்தை நான் இந்த மணலில் பார்த்தேன்.

இரண்டாவது சட்டம்: 1965-க்குப் பிறகு வந்த விசுவநாதன் பாட்டு செல்லாது. ஏனென்றால் அந்த வருஷம் ஜூலையில் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு ஜோடி பிரிந்துவிட்டது. அதே வருஷத்தில் விசுவநாதன் தனியாக இசையமைத்த 'கலங்கரை விளக்கம்' வந்தது. பாருங்கள் வேடிக்கையை: படகில் இருவராகப் போனார்கள்; கலங்கரை விளக்கத்துக்கு ஒருவர் மட்டும் வந்து சேர்ந்தார். ராமமூர்த்தியும் தனியாக 'சாது மிரண்டால்', 'நான்', 'மூன்றெழுத்து', 'தங்கச் சுரங்கம்' என்று சில படங்கள் செய்தார். நல்ல பாட்டுகள்தான். ஆனால் படங்களின் எண்ணிக்கை பெருகவில்லை. அதன் பிறகு விசுவநாதன் போட்ட நூற்றுக்கணக்கான பாட்டுகள் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் படகோட்டிக் கட்சி அவற்றைத் தொடக்கூடாது. பெரிய தியாகம், ஸார்! கையிலிருக்கிற துருப்புச் சீட்டில் பாதியைக் கீழே வைத்துவிட்டுச் சீட்டாடுவது போல.

ஆனால் படகோட்டிக் கட்சி ஏமாளி அல்ல. "எனக்கு 13 வருஷந்தான்னா உனக்கும் 13 வருஷந்தான்" என்று எதிரியின் வாயையும் கட்டிவிட்டது. அதுதான் மூன்றாவது சட்டம். 1952 முதல் 1965 ஜூலை வரையில் வந்த மகாதேவன் பாட்டுதான் செல்லும்.

இதில் நவராத்திரிக் கட்சிக்கு எவ்வளவு நஷ்டம் பாருங்கள். இந்தியாவிலேயே இசையமைப்புக்கென்று முதல்முதல் கொடுத்த தேசிய விருது மகாதேவனுக்குத்தான் வந்தது, 1967-ல் வந்த 'கந்தன் கருணை'க்காக. அது வழக்கில் செல்லாது! மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரத்தை வைத்துக்கொண்டு செய்த 'தில்லானா மோகனாம்பாள்', 1968. செல்லாது! 'சங்கராபரணம்' கேட்கவே வேண்டாம்.

'திருவிளையாடல்'? இங்கேதான் வழக்கு சிக்கிக்கொண்டது. 'ஆயிரத்தில் ஒருவன்' 1965 ஜூலை 9-ல் வெளியாயிற்று. 'திருவிளையாடல்' அதே மாதம் 31-ல். ஜோடியின் கடைசிப் படம் வந்த நாளோடு கணக்கை முடிப்பதா, அல்லது மாதக் கடைசி வரை அவகாசம் தருவதா? 22 நாள் வித்தியாசத்துக்கு இரண்டு பெரிய மனிதர்கள் எத்தனையோ நாட்கள் வாதாடியிருக்கிறார்கள். அந்தப் படத்திலேயே ஹேமநாத பாகவதர் பாண்டிய நாட்டுக்கு வந்து, "என்னோடு போட்டியிட யார் இருக்கிறார்கள்?" என்ற தோரணையில் சவால் விடுகிறாரே, நினைவிருக்கிறதா? அந்தப் போட்டியைத் தீர்த்து வைக்கச் சொக்கநாதரே விறகு வெட்டியாக வரவேண்டியிருந்தது. இந்தப் போட்டிக்கு யார் வருவார்?

வந்தார் ஓர் அம்மாள். ஒருவருக்கு மனைவி, மற்றவருக்குத் தங்கை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் பாடுனது சுசீலாம்மாதான? அப்போ யாரு ஒசத்தி?" என்று ஒரே போடாகப் போட்டார். இரண்டு கட்சியும் ஒரு நிமிஷம் வாயை மூடியது. நியாயமான கேள்வி. பின்னணிப் பாடகிக்கு என்று தேசிய விருது ஏற்பட்டபோது அதை முதலில் வாங்கியவர் பி.சுசீலா, 1968-ல் வந்த 'உயர்ந்த மனிதன்' படப் பாட்டுக்காக. அந்தப் பாட்டுக்கு இசை விசுவநாதன். ஆனால் விசுவநாதனுக்கு அந்த விருது ஒரு தடவை கூடக் கிடைக்கவில்லை. பாடினவருக்குப் பதக்கம், பாட்டைச் செய்தவருக்குக் கைதட்டல் மட்டும். இந்த விஷயத்தைச் சொன்னபோது நவராத்திரிக் கட்சித் தலைவர், "அது அநியாயந்தான், மச்சான்" என்று எதிரிக்காக வருத்தப்பட்டார். சண்டைக்காரன் விட்டுக்கொடுத்த ஒரே இடம் அதுதான்.

பாலசுப்பிரமணியத்தை யார் கொண்டுவந்தது என்பதில் மட்டும் விட்டுக்கொடுத்தல் கிடையாது. அவர் தமிழில் முதலில் பாடியது விசுவநாதன் இசையில், 'ஹோட்டல் ரம்பா' என்ற படத்துக்கு. அந்தப் படம் வெளிவரவே இல்லை. பிறகு 'சாந்தி நிலைய'த்துக்குப் பாடினார், அதுவும் விசுவநாதன்தான். ஆனால் ஜனங்கள் காதில் முதலில் விழுந்தது 1969-ல் முந்தி வெளியான 'அடிமைப் பெண்' பாட்டு. அதற்கு இசை மகாதேவன்! விதைத்தவர் ஒருவர், முதல் கதிரை ஊருக்குக் காட்டியவர் ஒருவர். இது 1965-க்குப் பிந்திய விஷயமாயிற்றே, செல்லாதே என்று நான் நினைவூட்டினேன். "சும்மா இரு, தம்பி" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

இந்தக் குப்பத்துக்காரர்கள் எந்தச் சங்கீதப் பள்ளியிலும் படிக்கவில்லை. தேதி, படம், பாடியவர், எழுதியவர், இசை எல்லாம் எப்படித் தெரிந்தது? இலங்கை வானொலி! டிரான்சிஸ்டரைத் துணியில் சுற்றிப் படகில் வைத்துக்கொண்டு போவார்களாம். அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்லுமுன் யார் மெட்டு என்று சொல்லிவிட வேண்டும், அதற்கும் பந்தயம். முதல் இரண்டு வினாடி வாத்தியத்திலேயே பிடித்துவிடுவார்கள். அக்கார்டியனும் பாங்கோஸும் பேசிக்கொண்டு வந்தால் இந்தப் பக்கம்; சொல் தெளிவாக நிற்க, வாத்தியம் ஒதுங்கி வழிவிட்டால் அந்தப் பக்கம்.

படகோட்டிக் கட்சித் தலைவர் மட்டும் இன்னொன்று சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்று வாயில் கலந்ததே, படகும் வலையும் தார் பூசினாற்போல் ஆகி, தொழில் நின்று போயிற்றே, அப்போது வீட்டில் யாருக்கும் பேச்சே வரவில்லையாம். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மைத்துனர் வந்து வாசலில் உட்கார்ந்து, வேண்டுமென்றே, "விசுவநாதன் இன்னா பெரிய ஆளா?" என்றாராம். "ராமமூர்த்திய உட்டுட்டே, டீ சொல்லு" என்று இவர் எழுந்து வந்தாராம். டீக்குக் காசு இருவரிடமும் இல்லை. கடனில் எழுதிவிட்டுக் குடித்தார்கள்.

நீங்கள் கேட்பீர்கள்: "எல்லாம் சரி, நீர் எந்தக் கட்சி?" ஒளிப்பானேன்? அந்த 13 வருஷத்துக்குள் கணக்குப் பார்த்தால் என் ஓட்டு விசுவநாதன்–ராமமூர்த்திக்கு. இந்தப் பாட்டுகள் வந்தபோது என் தகப்பனார் அரை டிராயர் போட்ட பையன். ஆகவே பழைய பாசம் என்று என் மேல் பழி போட முடியாது. 1964-ம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை', 'படகோட்டி', 'சர்வர் சுந்தரம்'. ஐந்தும் ஒரே வருஷம், ஒரே ஜோடி. ஒன்றைக் கேட்ட காதோடு இன்னொன்றைக் கேட்டால் ஒரே கைவேலை என்று சொல்ல முடியுமா? புராணத்துக்கு ஒன்று, கலாட்டாவுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று.

ஆனால் கவிஞர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும். மகாதேவன் முதலில் பாட்டை எழுதி வாங்கிக்கொள்வார், பிறகுதான் மெட்டு. அந்தச் சொல்லை எடு, இந்தச் சொல்லைக் குறை என்று கவிஞரை இடைஞ்சல் செய்யும் வழக்கம் அவரிடம் இல்லை. திரையுலகமே அவரை "மாமா" என்று கூப்பிட்டதில் ஆச்சரியம் என்ன? 'வானம்பாடி', 'இருவர் உள்ளம்', 'இதயக் கமலம்' படப் பாட்டுகளைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒரு சொல் கூடக் காதுக்குத் தப்பாது. என் ஓட்டு எங்கே விழுந்தாலும், மனது ராத்திரி நேரத்தில் அந்தப் பக்கம் போய்விடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரிந்துபோன ஜோடிக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: 2012 ஆகஸ்டில் முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் சேர்த்து 'திரை இசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் கொடுத்தார். ஒரே மேடை, ஒரே பட்டம். அடுத்த ஏப்ரலில் ராமமூர்த்தி காலமானார். 2015 ஜூலையில் விசுவநாதன். மகாதேவன் அதற்கெல்லாம் முந்தியே, 2001-ல் போய்விட்டார்.

நான் கிளம்பும் சமயத்தில் குப்பத்துக் கோர்ட்டில் ஒரு புது மனு தாக்கலாயிற்று. 30 வருஷப் பிரிவுக்குப் பிறகு, 1995-ல், 'எங்கிருந்தோ வந்தான்' என்ற படத்துக்கு விசுவநாதனும் ராமமூர்த்தியும் மறுபடி ஒன்றாக இசையமைத்தார்கள். பெயர் பழைய மாதிரியே ஜோடியாக வந்தது. அப்படியானால் அது ஜோடிக் கணக்கில் சேர வேண்டுமா, இல்லையா? சேருமென்றால் மகாதேவனுக்கும் 1995 வரை தவணை நீட்ட வேண்டும்; 'சங்கராபரணம்' உள்ளே வந்துவிடும். படகோட்டிக் கட்சி வலையைக் கீழே வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தது.